மரியாதை தெரிந்த பந்து

கணிப்பொறியின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். முதலில் அது ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றதாம்; பின்பு அலமாரியாயிற்றாம்; அதன்பின் பெட்டியாகி, முடிவில் விரல் நகத்தளவு சில்லு ஒன்றினுள் மூளை முழுவதும் குடியேறிவிட்டதாம். இதை நான் மறுக்கவில்லை. அந்தந்த நாடுகளில் அப்படி நடந்திருக்கலாம். அருப்புக்கோட்டையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. எங்கள் ஊருக்கு அது நக அளவில்தான் வந்து சேர்ந்தது. நாங்கள் அதைப் படிப்படியாக வளர்த்துப் பெட்டியாக்கி, அலமாரியாக்கி, முடிவில் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும்படி செய்தோம். வளர்ச்சி என்னும் சொல் இவ்விரண்டில் எதற்குப் பொருந்தும் என்பதை வாசிப்பவர் தீர்மானித்துக்கொள்ளட்டும். அவ்வளர்ச்சியில் எனக்கும் பங்குண்டு என்பதால் இதை எழுதலானேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. நெசவாளர் தெரு ஒன்றில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஓர் அறை. அதற்கு ஒரு கதவு. கதவுக்கு மேலே நானே எழுதிய பலகை. அத்தெருவார் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலைத் தாண்டினால் தமிழும் பேசுவார்கள். நான் அத்தெருவைச் சேர்ந்தவன் அல்லன். திருச்சுழிக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமியில், பிறர் காட்டில் களை வெட்டி வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. வானொலித் தொழிலைத் தபால்வழிப் பாடங்களிலும், மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்கும் கெட்ட பழக்கத்திலும் கற்றேன். இந்த உரைநடையும் அவ்வாறே, பொதுக்கூட்ட மேடைகளிலிருந்தும் நாளிதழ்த் தலையங்கங்களிலிருந்தும் கழற்றி எடுத்துப் பூட்டியதுதான்.

அந்த அறை அத்தெருவாரின் மகாசபைக்குச் சொந்தமானது. நல்ல மனிதர்கள், பல ஆண்டுகள் என்னை அங்கே இருக்கவிட்டார்கள். ஆனால் அவ்வாண்டு சபைச் செயலாளருக்கு ஓர் எண்ணம் உதித்தது. கூட்டாக வாங்கும் நூல் கட்டுகளை அடுக்கிவைக்க அந்த அறை தோதாக இருக்கும் என்று அவர் கருதினார். பங்குனித் திருவிழா கழிந்ததும் சபை கூடி இதைப் பற்றி முடிவெடுக்கும் என்று எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். அந்த அறை போனால் எனக்கு வேறு அறை இல்லை. வெளியூர்க்காரனுக்கு, அதுவும் என் ஊர்க்காரனுக்கு, அந்தக் காலத்து டவுனில் இடம் கொடுக்க இன்னொருவர் முன்வந்திருக்கமாட்டார். திரும்பிப் போய் என் அண்ணனோடு கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது ஒன்றே மிச்சமிருந்த வழி. கரிமூட்டம் இழிந்த தொழில் அன்று. ஆயினும் கையில் ஈயப் பற்றவைப்புக் கோல் பிடித்துப் பழகியவனுக்கு மண்வெட்டி கனக்கும்.

என்னோடு கூட்டாளி ஒருவன் இருந்தான். அத்தெருக்காரன்; என் வயதினன். சேலைக் கரைக்கு வேண்டிய பூ வேலைப்பாட்டை அட்டைகளில் துளையாகக் குத்திக் கொடுப்பது அவன் தொழில். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அந்த அட்டைகள் ஒவ்வொன்றாகச் சுழன்று வரும். துளை இருக்குமிடத்தில் ஊசி நுழையும். இல்லாத இடத்தில் தடுக்கப்பட்டு நிற்கும். எந்த நூல் எழவேண்டும், எது அமர்ந்திருக்கவேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும். வேலை இல்லாத நேரமெல்லாம் என் கடையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பான். பாட்டு முடிந்ததும் செய்தி வந்தால் எழுந்து போய்விடுவான். நாட்டு நடப்பை அவன் அறிந்துகொள்ளாதது அவன் மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம்.

வீரசோழன் என்னும் ஊரைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து அப்போது திரும்பியிருந்தார். சிறிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும், அதனோடு பொருத்தி விளையாடும் ஆட்டப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அக்காலத்தில் எங்கள் பக்கத்தில் எந்த நிலையத்தின் ஒளிபரப்பும் எட்டாது. தொலைக்காட்சியைத் திறந்தால் வெள்ளைப் புள்ளிகள் மழைபோல் கொட்டிக்கொண்டிருக்கும். அதைக் காணவே வீரசோழனில் கூட்டம் கூடியதாகச் சொன்னார். எங்கள் வட்டாரத்தில் அவ்வளவு அடர்த்தியான மழையை அதற்குமுன் எவரும் பார்த்ததில்லையாகையால் இது வியப்பன்று. ஆட்டப் பெட்டிக்கோ நிலையமே தேவையில்லை. அதைப் பூட்டியதும் மழை நின்று திரை கறுத்து, இருபுறமும் மட்டையாக இரு வெள்ளைக் கோடுகளும் நடுவே ஒரு வெள்ளைக் கட்டமும் தோன்றும். அக்கட்டமே பந்து. கைப்பிடியைத் திருப்பினால் மட்டை ஏறும், இறங்கும். ஆக, எங்கள் தாலுகாவில் மனிதர் கண்ட முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஒரு சதுரப் பந்து அங்குமிங்கும் போய்வந்ததே ஆகும்.

அந்த ஆட்டப் பெட்டி டார்ச் விளக்கின் பேட்டரிக் கட்டைகளால் ஓடுவது. கட்டை தீர்ந்ததும் வியாபாரி, கரண்டுதானே என்று வீட்டு மின்சாரத்தையே நேராகக் கொடுத்துவிட்டார். புகை வந்தது. இரண்டு பெட்டிகளையும் கைலியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் கடைக்கு வந்தார்.

திறந்து பார்த்தேன். உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். நடுவில் மரவட்டை போன்று இருபுறமும் கால்கள் கொண்ட கரிய சில்லு ஒன்று மட்டும் கிடந்தது. பந்து, மட்டை, புள்ளிக்கணக்கு, ஓசை ஆகிய அனைத்தையும் அந்த மரவட்டையே கவனித்துவந்திருக்கிறது. அதன் முதுகு வெடித்திருந்தது.

"உசுரு இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அதைப் போன்ற இன்னொன்று மதுரையில் கிடைக்காது, சென்னையிலும் கிடைக்காது என்பதையும் விளக்கினேன். அவர் சற்றும் கலங்கவில்லை.

"அப்ப நீங்களே ஒன்னு செஞ்சுருங்களேன்."

கட்டிலுக்குக் கால் ஒடிந்தால் ஆசாரியிடம் சொல்வதுபோல் சொன்னார். எங்கள் பக்கத்தின் நம்பிக்கை அத்தகையது. உலகில் எவனோ ஒருவன் செய்த பொருளை இன்னொருவன் செய்யமுடியாது என்பதை நாங்கள் கொள்கையளவில் ஏற்பதில்லை. நானும் அப்பகுதியில் பிறந்தவன்தான். சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகே யோசிக்கத் தொடங்கினேன். அந்தச் செயலி ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகள் சிலவே. பந்து எங்கே இருக்கிறது? மட்டை எங்கே இருக்கிறது? இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தனவா? சந்தித்தால் பந்தைத் திருப்பு. சந்திக்காவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி கொடு. பழைய வானொலிகளிலிருந்து கழற்றிய டிரான்சிஸ்டர்களால் முதல் இரு கேள்விகளையும் கேட்கவைத்தேன். பந்து எந்தத் திசையில் போகிறது என்பதை நினைவில் வைத்திருக்க ரிலே வேண்டும். மின்சாரம் வந்தால் டக்கென்று ஒட்டிக்கொண்டு, போனால் பிரிந்து விழும் இரும்பு நாக்கு அது. மதுரையில் பழைய இரும்புக்கடைத் தெருவில், உடைத்துப்போட்ட தொலைபேசிப் பெட்டிகளிலிருந்து ஒரு சாக்கு நிறைய ரிலேக்களை அள்ளி வந்தேன். காரியாபட்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சாக்குக்கு இடம் கிடைத்திருந்தது.

சிங்கப்பூரில் சிறு மரவட்டை செய்த வேலையைச் செய்ய எங்களுக்கு முதலில் ஒரு பலகை தேவைப்பட்டது. பிறகு மேசை. பிறகு, வெயிலில் சூடேறிய டிரான்சிஸ்டர்கள் தம் கடமையை மறந்து பந்தைக் கூரைக்கு அனுப்பியமையால், அவற்றை விலக்கி வைக்க ஓர் இரும்பு அலமாரி. மட்டையில் பந்து படும்போதெல்லாம் அலமாரிக்குள்ளிருந்து டக், டக் என்று ஓசை வந்தது. பந்தும் சதுரமாக இல்லாமல், ஒருபுறம் நசுங்கிய எலுமிச்சம்பழம்போல் இருந்தது. ஆயினும் ஓடிற்று.

வியாபாரி வந்து பார்த்தார். சாப்பாட்டுத் தூக்குவாளி அளவில் கொடுத்துவிட்டுப் போன பொருள் ஆளுயரத்தில் நிற்பதைச் சுற்றிவந்தார். மகிழ்ச்சியை மறைக்காமல், "இத பஸ்ஸுல ஏத்த மாட்டான் தம்பி. இங்கேயே கெடக்கட்டும். டவுனுக்கு வாரப்ப நான் ஒரு ஆட்டம் ஆடிக்கிறேன்" என்றார். கடைசி வரை அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. இயந்திரம் கடையிலேயே தங்கிற்று.

இதற்குள் சபைத் தலைவர், நூல் கட்டுகளை உத்தேசித்து அறையைப் பார்வையிட வந்தார். பெரிய மனிதர், மெதுவாகப் பேசுபவர், தெருவில் அவர் நடந்தால் சைக்கிள்கள் இறங்கி நடக்கும். அவரோடு அவருடைய மருமகனும் வந்திருந்தார். புது மாப்பிள்ளை; தலைப்பொங்கலுக்கு அழைக்கப்பட்டவர். என் கூட்டாளி இருவரையும் ஆட உட்காரவைத்தான். எங்களுக்கு அறை நிலைக்க வேண்டுமானால் தலைவர் மனம் குளிரவேண்டும் என்பது அவன் கணக்கு. அவன் கணக்கில் விடுபட்டது ஒன்றே: அந்தப் பந்துக்கு எவரையும் தெரியாது.

மாப்பிள்ளை மாமனாரிடம் தோற்பது முறையன்று, விருந்துக்கு வந்தவர். மாமனார் மாப்பிள்ளையிடம் தெரு பார்க்கத் தோற்பதும் முறையன்று, தலைவர். அறிவுள்ள பந்தாக இருந்திருந்தால் அந்த இக்கட்டை உணர்ந்து பாதியிலேயே நின்றிருக்கும். எங்கள் பந்து தலைவர் பக்கம் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையோ வேண்டுமென்றே தம் மட்டையைக் கீழே இறக்கி வைத்தும், பந்து தேடிவந்து அதன்மேலேயே பட்டது.

தலைவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"மிஷினு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஆளு தெரியாம ஓடுது."

அடுத்த நாளே சபையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். இயந்திரம் அறையில் இருப்பதானால் ஆளுக்குத் தக்கபடி நடந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதையும் அறையையும் இப்போதே காலி செய்துவிடலாம். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. சபை கூடி, வெற்றிலை போட்டு, கையுயர்த்திச் செய்த ஏகமனதான ஏற்பாடு. உலகில் வேறெங்கேனும் ஒரு செயலியின் வடிவமைப்புக்கு இத்தனை தெளிவான ஆணை கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

அதை நிறைவேற்றுவதும் கடினமாயில்லை. திரையில் வெள்ளைக் கோடு எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு உயரம் மட்டைக்கு. அந்நேரத்தைத் தீர்மானிப்பது, மைக்ரோ பாரட் கணக்கில் அளக்கப்படும் ஒரு மின்தேக்கி. பெரிய மின்தேக்கியைச் சேர்த்தால் பெரிய மட்டை கிடைக்கும். மட்டை பெரிதானால் பந்து தப்பாது. தலைவர் உட்காரும் பக்கத்தில் ஒரு சுவிட்சு வைத்தோம். அதைத் தட்டினால் அவருடைய மட்டை மும்மடங்காகும். மரியாதையை மைக்ரோ பாரட்டில் அளந்த முதல் ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கவேண்டும்.

ஒருவருக்கு வைத்த சுவிட்சு ஒருவரோடு நிற்குமா? துணைத் தலைவர் வந்தார். அவருக்கொன்று. செயலாளர், அறையைக் காலி செய்வதில் தாம் உறுதியாக இருப்பதாகவும், அதற்கும் சுவிட்சுக்கும் தொடர்பில்லை என்றும் கூறி ஒன்று பெற்றுக்கொண்டார். பள்ளித் தலைமையாசிரியருக்கு, படிப்பை முன்னிட்டு. சாயப்பட்டறை வைத்திருந்தவருக்கு, சபைக் கட்டடத்துக்கு மின்விசிறி கொடுத்ததை முன்னிட்டு. எந்தச் சுவிட்சு எவருடையது என்பது குழம்பி, ஒருநாள் சாயப்பட்டறைக்காரர் தலைமையாசிரியரின் படிப்போடு விளையாடிவிட்டார். பெரும் மனத்தாங்கல் ஆயிற்று.

அப்போதுதான் என் கூட்டாளி, "ஏலே, எதுக்கு இம்புட்டு சுவிட்சு? ஆளுக்கு ஒரு அட்டை குத்திருவோம். வந்து உக்காரும்போது சொருகிக்கிடட்டும்" என்றான்.

பழைய ஜக்கார்டு பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அலமாரியின் பக்கத்தில் பொருத்தினான். அட்டையைச் சொருகினால், துளையுள்ள இடங்களில் ஊசி நுழைந்து மின்னிணைப்பைத் தொடும். தொட்ட அளவுக்கு மட்டை உயரும். முதல் வரிசை வயதுக்கு. இரண்டாம் வரிசை பதவிக்கு. மூன்றாவது உறவுக்கு; பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர், தாய்மாமன் என்று அதில் தனித்தனி இடங்கள். பூவும் மயிலும் குத்திப் பழகிய கை அது. சமூகத்தையும் அழகாகவே குத்திற்று. இப்போது இயந்திரத்தின் பாதி, பந்தைப் பற்றி யோசித்தது. மறுபாதி, ஆடுபவர் யார் என்பதைப் பற்றி யோசித்தது. போகப்போக இரண்டாம் பாதியே பெரிதாயிற்று. இன்னொரு அலமாரி வாங்கினோம். அதன்பின் சுவரிலும் அடித்தோம். நான் வானொலி பழுதுபார்க்க வாசற்படிக்கு நகர்ந்தேன்.

அட்டை வந்தபின் எவரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. துளைகளைப் பற்றியே பேசினார்கள். ஒருநாள் துணைத் தலைவர் தம் அட்டையை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து எண்ணிக்கொண்டே வந்தார்.

"அவுகளுக்குப் பதவி வரிசையில முழுசும் குத்தியிருக்க. எனக்கு ஒன்னு கொறையுது. ஏன்?"

என் கூட்டாளி நிமிரவில்லை. "நீங்க துணைதான சித்தப்பா."

"தலைவரு ஊர்ல இல்லாதப்ப?"

"அவுக ஊருக்குப் போறப்ப வந்து சொல்லுங்க. அந்த ஓட்டைய அடச்ச காகிதத்தக் கழட்டித் தாரேன். வந்ததும் திருப்பி ஒட்டிருவேன்."

அந்த ஏற்பாடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. தலைவருக்குப் பஸ் நேரம் கேட்டுச் சொல்லும் பொறுப்பை அன்று முதல் அவரே ஏற்றுக்கொண்டார்.

என் அண்ணன், நான் எப்போது ஊருக்கு வந்து சேர்வேன் என்று கேட்டுப்போக ஒருமுறை வந்திருந்தார். மூட்டம் போட இன்னொரு ஆள் அவருக்கு அவசியமாயிருந்தது. இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, தமக்கு அட்டை எது என்று கேட்டார். என் கூட்டாளிக்குச் சற்றுச் சங்கடம்.

"ஒங்களுக்கு அட்டை இல்லண்ணே. வெறும் ஆட்டந்தான்."

"நல்லதாப் போச்சு," என்றார் அண்ணன். "பந்து வந்தா அடிக்கணும், வராட்டிச் சும்மா இருக்கணும். அம்புட்டுத்தான?"

சந்தைக்கு வந்து கடைப்பக்கம் ஒதுங்கியிருந்த இன்னொரு அட்டையில்லாத மனிதரோடு ஆடினார். கட்டைவிரல் அளவு மட்டைகள். பந்து தப்பித் தப்பி ஓடியது. இருவரும் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த அறையில் சிரிப்பொலி கேட்டு வெகுநாளாயிற்று என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போகும்போது அண்ணன், சித்திரையில் மூட்டம் தொடங்குவதாகச் சொன்னார். நான் தலையசைத்தேன்.

நிற்க. சபை கூடவேண்டிய நாள் வந்தது. காலையிலேயே உறுப்பினர்கள் என் கடைவாசலில் பந்தல் நிழலில் சேர்ந்துவிட்டார்கள். செயலாளர் அளவு நாடாவோடு வந்து, எத்தனை கட்டு அடுக்கலாம் என்று சுவர்களை அளக்கத் தொடங்கினார். அன்று தலைவரின் சம்பந்தியும் ஊரில் இருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார்; பரமக்குடிப் பக்கம் இதேபோன்றதொரு சபைக்கு அவர் தலைவர். வயதும் ஒன்று, பதவியும் ஒன்று. தலைவர் தம் ஊரின் அதிசயத்தைச் சம்பந்திக்குக் காட்ட விரும்பினார். ஒரே ஓர் ஆட்டம். அது முடிந்ததும் கூட்டம்.

சம்பந்திக்கு அட்டை குத்தும் பொறுப்பு என் கூட்டாளிக்கு வந்தது. ஒரு துளை குறைந்தால் அவருக்கு அவமானம். ஒன்று கூடினால் தலைவருக்கு. அவன் இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சேர்த்தே குத்தினான். எல்லா வரிசையிலும் எல்லாத் துளையும்.

அட்டைகள் சொருகப்பட்டன. இரு மட்டைகளும் மளமளவென வளர்ந்து, திரையின் உச்சியிலிருந்து அடிவரை இரண்டு வெள்ளைச் சுவர்களாக நின்றன. பந்து கிளம்பி ஒரு சுவரில் பட்டது. டக். மறுசுவரில் பட்டது. டக். அது தப்பிச் செல்ல இம்மியும் இடமில்லை. இருவரும் கைப்பிடியைப் பற்றியபடி கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்கள். திருப்ப வேண்டிய தேவை இல்லை. ஆனால் விட்டுவிடவும் முடியாது. கைப்பிடியை முதலில் விட்டவர் ஆட்டத்தை விட்டவராவார்.

சிறிது நேரம் புகழ்ந்தார்கள். பிறகு உபசரிக்கத் தொடங்கினார்கள்.

"நீங்க எந்திரிங்க சம்பந்தி. விருந்தாளி எம்புட்டு நேரம் உக்காந்திருப்பீக."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. ஒங்களுக்குத்தான் கூட்டம் இருக்கே. நீங்க எந்திரிங்க."

"கூட்டம் எங்க போகுது? நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிக்கேன்."

"அய்ய, அது மொறையா? நீங்க மொதல்ல."

வெளியே கூட்டம் காத்திருந்தது. தலைவர் இல்லாமல் தொடங்க விதியில்லை. துணைத் தலைவர் தாம் நடத்தலாமா என்று பொதுவாகக் கேட்டார். தலைவர் ஊரில் இருப்பதை யாரோ நினைவூட்டினார்கள். உச்சிவேளை ஆயிற்று. சாப்பாடு அறைக்கே வந்தது. இருவரும் இடக்கையால் கைப்பிடியைப் பிடித்தபடி வலக்கையால் உண்டார்கள். அப்பளத்தை யார் முதலில் உடைப்பது என்பதிலும் சற்று உபசாரம் நடந்தது. செயலாளர் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனை தலைவரின் நாற்காலிக்கடியில் சிக்கிக்கிடக்க, இழுக்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அறை போவதாயிருந்தால் போகட்டும், முடிவு தெரிந்துவிட்டால் போதும் என்று தோன்றிற்று. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பழுது என்று சொல்லிவிடலாம் என்று அலமாரியின் பின்னால் கைநீட்டினேன். என் கூட்டாளி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே, கைய எடு," என்று காதோடு சொன்னான். "பந்து ஓடுற வரைக்கும் ரூமப் பத்தி எவனும் வாயத் திறக்க முடியாது."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

செயலாளர் என்னைப் பார்த்து, இதற்கு முடிவு எப்போது வரும் என்று கேட்டார். வராது என்றேன். இருவரும் தோற்கவே முடியாதபடி சபை சொல்லித்தானே செய்தோம் என்பதையும் பணிவோடு எடுத்துரைத்தேன். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் பந்தைப் பார்த்தார்.

முடிவாக, இலையெடுக்க வந்த தலைவரின் மனைவியார்தாம் வாசலில் நின்று சற்று நேரம் திரையைக் கவனித்தார்.

"இதென்ன, ரெண்டு பேரும் புடிச்சிருக்கதுனாலயா அது ஓடுது? ஒன்னா எந்திரிங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு, ஒரே மூச்சில் எழுந்தார்கள். பந்து ஓடிக்கொண்டிருந்தது. டக். டக்.

அதன்பின் பந்தலில் கூட்டம் கூடியது. செயலாளர், இயந்திரத்தை அணைத்து வெளியேற்றிவிட்டு நூலை உள்ளே ஏற்றவேண்டும் என்றார். சிலர் ஆமோதித்தார்கள். எனக்குக் கரிமூட்டத்தின் புகை மூக்கில் ஏறியது.

தலைவர் கடைசியாகப் பேசினார். "சரி. யாரு அணைக்கிறது?"

செயலாளர் கடைக்குள் போகத் திரும்பினார்; தலைவர் கையமர்த்தினார்.

"அணைக்கிறப்ப பந்து எந்தப் பக்கம் போய்க்கிட்டிருக்கோ, அவுக அடிக்காம விட்டதாத்தான ஆகும்? நாளைக்குச் சம்பந்தி ஊர்ல கேட்டா என்ன சொல்லுவீக? இல்ல, எம்பக்கம் வந்துக்கிட்டிருந்தா எனக்கு என்ன சொல்லுவீக?"

சபை ஆழ்ந்து யோசித்தது. அத்தனை பேரும் அட்டை வைத்திருந்தவர்கள். ஆட்டம் முடியும் வரை அறை இருந்தபடியே இருக்கவேண்டியது; நூலைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் அடுக்கிக்கொள்ளவேண்டியது என்று கையுயர்த்தினார்கள். மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் வினவியபோது, செயலாளரே எழுந்துபோய், லாரிக்காரர் ஒருவரிடமிருந்து பெரிய பேட்டரி ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ரிலேக்கள் அதில் ஓடுவனவே. அதை நானும் அவரும் சேர்ந்து பொருத்தினோம். திருகுகளை அவர் என்னைவிட அழுத்தமாக முறுக்கினார்.

அண்ணனுக்கு, சித்திரையில் வர இயலாது என்று சொல்லி அனுப்பினேன். காரணத்தை விளக்க முற்படவில்லை.

அன்றுமுதல் என் கடை அந்த ஓசைக்குள் நடந்தது. திரையைப் பெரும்பாலும் அணைத்தே வைத்திருந்தேன். படக்குழாய் வீணாகக் கூடாதல்லவா? பந்து அலமாரிக்குள் இருட்டில் போய்வந்துகொண்டிருந்தது. நான் வாசற்படியில் அமர்ந்து வானொலிகளைப் பழுதுபார்த்தேன். ரிலேயின் நாக்கு தேய்ந்தால், டக் என்று ஒன்று விழுந்து அடுத்தது விழுவதற்குமுன் மாற்றிவிடும் பழக்கம் என் கூட்டாளிக்கு வந்துவிட்டது. மற்ற ஊர்களில் அந்த ஆண்டுகளில் சில்லுகள் மேன்மேலும் சிறுத்து, மேன்மேலும் விரைவாக எண்ணக் கற்றுக்கொண்டிருந்தனவாம். எங்களுடையது எவரையும் தோற்கடிக்காமலிருப்பதற்கு மட்டுமே தன் முழு அறிவையும் செலவிட்டது.

வாரம் ஒருமுறை தலைவர் அவ்வழியாகப் போகும்போது நிற்பார். நான் திரையைத் திறந்துவிடுவேன். இரண்டு சுவர்களும் எலுமிச்சம்பழமும் தெளிந்து வரும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். ஒருநாள் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, சம்பந்தி பக்கம் போறப்ப மட்டும் கொஞ்சம் மெதுவாப் போற மாதிரித் தெரியுதே."

"பாத்து வைக்கேன்யா," என்றேன்.

அவர் போனபின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. துணியை நனைத்துத் திரையின் அந்தப் பக்கத்தை மட்டும் நன்றாகத் துடைத்துவைத்தேன். அடுத்த வாரம் வந்து பார்த்தவர், இப்போது சரியாய்ப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.